ஏழாவது சொல்

மறதி நோயை ஆராய்வது என் வேலை. இருபத்தாறு வருடமாக இதே வேலை. என்னிடம் சேரும் உதவியாளர்களிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: சோதனைக்கு வந்தவர் ஒரு சொல்லைத் தேடித் திணறினால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எடுத்துக் கொடுக்கக் கூடாது. உதடு அசைந்தால்கூடத் திட்டுவேன். முதுகுக்குப் பின்னால் என்னை உம்மணாமூஞ்சி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சோதனை எளிது. பத்துச் சொற்களைப் படித்துக் காட்டுவோம், அரை மணி நேரம் கழித்துத் திருப்பிக் கேட்போம். கல்யாணமான புதிதில், வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் வைத்து நான் எழுதிய பட்டியல் அது. வருடத்துக்கு வருடம் அதை மாற்றச் சொன்னார்கள். ஒரே பட்டியல் இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்று அடம்பிடித்தேன்.

என் கணவர் ஃப்ரீசர் மெக்கானிக். தானமாக வரும் மூளைகளை வைக்கும் ஃப்ரீசர் ஒருமுறை மக்கர் பண்ணியபோது ஆய்வகத்துக்கு வந்தவர்தான். "மூளை கெட்டுப்போகாம பாத்துக்கறது நான். இவ சும்மா ஆராய்ச்சி மட்டும் பண்றா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த நோயில்லாதவர்கள் பிரிவுக்கு ஆள் குறைந்தபோது அவரும் சேர்ந்தார். மனைவி சோதிக்கக் கூடாது என்பதால் உதவியாளர்கள்தான் சோதிப்பார்கள். சோதனைத் தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்; யாருக்கு எந்த எண் என்பது பூட்டிய பெட்டியில் இருக்கும். மதிப்பெண் சரிந்தால் மட்டும் பெட்டியைத் திறந்து உரியவரிடம் சொல்லுவோம். இவருக்காக அதைத் திறக்க வேண்டி வந்ததே இல்லை.

அதனால்தான் போன மாதம் நடந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. ஸ்குரூடிரைவரோடு அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றார். எதிலிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் சோதனையில் தேறியவர்தானே, வயதாகிறது, அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று முன்தினம் காலை புது உதவியாளர் என் அறைக்கு வந்து நின்றாள். முகமே சரியில்லை.

"மேடம், நாற்பத்தொண்ணாம் நம்பர் நாலு வருஷமா பத்துக்குப் பத்து. அதுவும் வரிசை மாறாம. யாருமே அப்படிச் சொல்ல மாட்டாங்க, முன்னப் பின்னதான் வரும். இது ஞாபகம் இல்ல மேடம், மனப்பாடம்."

"யாரு அது?"

"நான் சொல்லக் கூடாது. பெட்டியைத் திறந்து பாருங்க."

திறந்தேன். அவருடைய பெயர்.

மதியமே வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து புதிதாகப் பத்துச் சொற்களைப் படித்தேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து இரண்டு சொன்னார். மூன்றாவதாகச் சொன்னது நான் படிக்காத சொல்.

டூல்பாக்ஸின் அடியிலிருந்து ஒரு பழைய சர்வீஸ் சீட்டை எடுத்து நீட்டினார். அதன் பின்பக்கத்தில் என் கையெழுத்து, அந்தப் பழைய பட்டியல்.

"எனக்கு நாலு வருஷம் முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. தினமும் ஷேவ் பண்ணும்போது சொல்லிப் பாத்துக்குவேன்."

"எங்கிட்ட ஏங்க மறைச்சீங்க?" வீடே அதிரக் கத்தினேன்.

"நாள் பூரா நோயாளிங்களைப் பாத்துட்டு வர்ற. வீட்லயும் ஒருத்தனைப் பாக்கணுமா? எனக்குப் பொண்டாட்டி வேணும்மா. டாக்டர் வேண்டாம்."

ஓவென்று அழுதேன். உலகத்துக்கே மறதியை அளந்து சொன்னவள், பக்கத்துத் தலையணையைக் கோட்டை விட்டேன். அவர்தான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நேற்று ஆய்வகத்தில், நாற்பத்தொன்றாம் எண்ணின் நான்கு வருடக் கணக்கை நீக்கும்படியும், பட்டியலை மாற்றும்படியும், தவறு என்னுடையது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரை வேறொரு டாக்டரிடம் காட்டவும் நாள் வாங்கினேன். நான் அவருக்கு டாக்டர் இல்லை.

இன்று காலை அவர் முகமெல்லாம் நுரையோடு கண்ணாடி முன் நின்றிருந்தார். வாய் அசையவில்லை.

"சொல்லலையா?"

"இனிமே எதுக்கு?"

"எனக்காகச் சொல்லுங்க."

"சாவி, ஜன்னல், எலுமிச்சை, கம்பளி, ஏணி, மணி..."

நின்றுவிட்டார். ரேசர் அந்தரத்தில் நின்றது. கண்ணாடிக்குள்ளிருந்து என் முகத்தில் எதையோ தேடினார். இருபத்தாறு வருடப் பழக்கம், என் பல் தானாகக் கடித்துக்கொண்டது. மனதுக்குள் நொடிகளை எண்ணவும் தொடங்கிவிட்டேன். நான்கு. ஐந்து. அவர் கண்ணில் பயம் தெரிந்தது.

"குடை" என்றேன்.

"குடை" என்றார்.

மீதி மூன்றையும் சேர்ந்தே சொன்னோம்.