நாரை வங்கியில் ஒரு கணக்கு

பயிற்சி முடிந்து ஸ்லிவென் ஊர்ப் படைமுகாமுக்கு வந்து சேர்ந்த புதுச் சிப்பாய்களை முதல் வாரமே வரிசையில் நிறுத்தி, சார்ஜெண்ட் பெனெவா ஒரு விஷயத்தைச் சொன்னார். சம்பளம் போடுவதற்கு ஆளுக்கொரு வங்கிக் கணக்கு வேண்டும். எந்த வங்கி என்பது அவரவர் விருப்பம்.

“புதன்கிழமை சாப்பாட்டுக் கூடத்துக்கு வங்கிக்காரங்க வருவாங்க. தொப்பி குடுப்பாங்க, காபிக் குவளை குடுப்பாங்க, பல்லைக் காட்டுவாங்க. அதுல மயங்காம, மாசாமாசம் என்ன புடிப்பாங்கன்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது.”

தெனிட்சா வெல்கோவா இதைப் பற்றி முன்பே யோசித்து வைத்திருந்தாள். தபால் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் சேமிப்பு வங்கி போதும். ஆடம்பரம் கிடையாது, பிடித்தமும் குறைவு. அந்த முடிவோடுதான் புதன்கிழமை கூடத்துக்குப் போனாள். போனவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

நடு மேசையில், நாரைப் படம் போட்ட பச்சைத் துணிக்குப் பின்னால், ரங்கெல் மினெவ் உட்கார்ந்திருந்தான். அந்த வங்கிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. பலகையிலுள்ள பறவையை வைத்து ஊரார் அதை நாரை வங்கி என்றே சொல்வார்கள். ரங்கெல் அதன் கிளை மேலாளர். கொஞ்சம் சதை போட்டிருந்தான். சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

தெனிட்சாவுக்குப் பதினேழு வயதில், அவள் அப்பா காஞ்சோ வெல்கோவ் ஊர் எல்லையில் லாரி ரேடியேட்டர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். அப்போதே வங்கி மேலாளராக இருந்த ரங்கெல், அங்கே காரைப் பழுது பார்க்க விட வந்து பழக்கமானவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து, அப்பா வடித்த பிளம் சாராயத்தைக் குடித்துவிட்டு ‘அண்ணே, அண்ணே’ என்று உருகுவான். ஒரு நாள் கார் இறக்குமதி செய்யும் கூட்டாளி ஒருவனைக் கூட்டிவந்தான். “சும்மா சாட்சிக் கையெழுத்துண்ணே. சம்பிரதாயத்துக்கு” என்றான். அப்பா மூக்குக் கண்ணாடியைக்கூடத் தேடாமல் போட்டுக் கொடுத்தார். அது சாட்சிக் கையெழுத்து இல்லை, அதே வங்கியில் கூட்டாளி வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து. அவன் ஸ்பெயினுக்கு ஓடிப்போனான். பட்டறை ஏலத்தில் போனது.

பட்டறை போனதைக்கூட அவள் மறந்திருப்பாளோ என்னவோ. அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய், தொப்பியைக் கையில் பிடித்தபடி ரங்கெலின் மேசைக்கு முன்னால் நின்றதைத்தான் மறக்க முடியவில்லை. ரங்கெல் உட்காரச் சொல்லவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “படிக்காம கையெழுத்துப் போட்டுட்டு இங்க வந்து ஒப்பாரி வெச்சா நான் என்ன பண்றது?” என்று கூடமே கேட்கச் சொல்லிவிட்டு, காவலாளியைப் பார்த்து விரலைச் சொடுக்கினான். காவலாளி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தபோது தொப்பி கீழே விழுந்தது. வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். தொப்பியைப் பொறுக்கியவள் தெனிட்சா. அப்பா இப்போது அதே பட்டறையில், புது முதலாளியிடம், கூலிக்கு வேலை பார்க்கிறார்.

அவள் சேமிப்பு வங்கியின் மேசையைத் தாண்டி நடந்தாள். ரங்கெலின் வரிசையில் போய் நின்றாள்.

அவள் முறை வந்ததும் அவன் முகமெல்லாம் பல்லாக எழுந்து கை கொடுத்தான். “வாங்க வீராங்கனை! பேரு?”

“தெனிட்சா வெல்கோவா.”

சொல்லிவிட்டு அவன் கண்களையே பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. வெல்கோவ் என்ற குடும்பப் பெயர் ஊரில் ஏராளம்தான். ஆனாலும் இவளுடைய அம்மா வறுத்துக் கொடுத்த மிளகாயைத் தின்றவன் அவன். அவளுக்கு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது, அதற்குமேல் கொதித்தது.

“ஒரு சந்தேகம் சார்” என்றாள். “நாளைக்குப் புடிக்கலன்னா கணக்கை மூடிட்டுப் போகலாமா? அதுக்கு ஏதாச்சும் புடிப்பீங்களா?”

“ஒரு காசு புடிக்க மாட்டோம். எப்ப வேணும்னாலும் போகலாம்மா. ஆனா போக மாட்டீங்க! எங்ககிட்ட வந்தவங்க யாரும் போனதில்ல.”

“எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க சார்.”

அவன் சிரித்துக்கொண்டே கூடத்துக்கே கேட்கும்படி சொன்னான். அது போதும் அவளுக்கு. யாருக்கும் நட்டமில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொடங்கினாள்.

படையில் சேருமுன் ஒரு கடையில் வரவு செலவு பார்த்தவள் என்பதால், காசு விஷயத்தில் மற்றவர்கள் அவள் வாயைப் பார்ப்பார்கள். “எங்க போடலாம் தெனி?” என்று பக்கத்துப் படுக்கைக்காரி கேட்டாள். “நாரைதான்” என்றாள். நெட்டைக் கலின், “எந்த வங்கி ஓசியில பீர் ஊத்துதோ அங்க என் சம்பளம்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். அவனையும் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தாள். அந்த வாரமே புதுப்படையில் முக்கால்வாசிப் பேர் நாரைக்குப் போய்விட்டார்கள். பழைய சிப்பாய்கள் சிலரும் மாறினார்கள்.

கோடை முழுவதும் ரங்கெலுக்கு ஏறுமுகம். மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட கிளை அது; படைமுகாமின் சம்பளம் வந்ததும் நிமிர்ந்துவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகையில் அவன் படம் வந்தது. வங்கியின் புர்காஸ் வட்டாரத்துக்கே தலைவனாகப் போகிறான் என்றார்கள். தெனிட்சா ஏதாவது வேலையாகக் கிளைக்குப் போனால், கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, “என் அதிர்ஷ்டதேவதை வந்துட்டா!” என்பான். ஒருமுறை சாக்லேட் பெட்டி கொடுத்தான். அவளும் இனிக்க இனிக்கச் சிரித்து வாங்கிக்கொண்டாள். முகாமுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் பிடித்துக் குலுக்கிய கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே நடந்தாள்.

இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தாள். தரையில் நிற்பவனைத் தள்ளி என்ன பயன்?

செப்டம்பர் கடைசியில் அழைப்பு வந்தது. கிளையில் ‘வீரர்கள் சாளரம்’ என்று படைக்காரர்களுக்குத் தனிக் கவுண்டர் திறக்கப்போகிறார்களாம். தலைநகர் சோபியாவிலிருந்து தலைமை அலுவலகப் பெரிய அதிகாரியம்மா வருகிறாராம். வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிந்ததும் வீரர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று ரங்கெல் கேட்டிருந்தான்.

அன்று சாப்பாட்டுக் கூடத்தில், அவரைக்காய் சூப் ஆறிக்கொண்டிருக்க, தெனிட்சா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்து, ஏலம், கீழே விழுந்த தொப்பி. தான் வேண்டுமென்றேதான் எல்லோரையும் நாரையில் சேர்த்ததையும் ஒளிக்கவில்லை.

கலின்தான் முதலில் வெடித்தான்.

“அப்போ என் சம்பளத்தை வெச்சு உன் பகையைத் தீத்துக்கிட்டியா? நாங்க என்ன, நீ நகத்துற காயா?”

“ஆமாடா. பண்ணினேன். உனக்கு ஒரு காசு போகக் கூடாதுன்னு மொதல்லயே கேட்டு வெச்சுட்டுத்தான் பண்ணினேன். புடிக்கலன்னா அங்கயே இரு. நான் தனியா போறேன்.”

“அந்தக் காவக்காரன் உங்கப்பாவை எப்படிப் புடிச்சான்னு சொன்ன?”

தெனிட்சா தன் இடது கையைத் தோளுக்குக் கீழே பிடித்துக் காட்டினாள். கலின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா நெசவாலையில் தறி மெக்கானிக்காக இருந்து வேலையிழந்தவர்.

“நீ பண்ணது தப்பு தாயி” என்றான். “தப்புன்னா தப்புதான். வெள்ளிக்கிழமை எத்தன மணிக்குப் போகணும்?”

மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சார்ஜெண்ட் பெனெவா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இதுக்கெல்லாம் நான் உத்தரவு குடுக்க முடியாது. வேண்டாம்னும் சொல்ல முடியாது. அவங்கவங்க கணக்கு, அவங்கவங்க இஷ்டம். சீருடையில போய்க் கூச்சல் போட்டீங்க, தோலை உரிச்சிருவேன். சாதாரண உடுப்புல போங்க. மரியாதையாப் பேசுங்க.”

வெள்ளிக்கிழமை நாரை வங்கியில் பலூன் கட்டியிருந்தார்கள். நீள மேசையில் கேக்கும், நுரை பொங்கும் வைனும். சோபியாவிலிருந்து வந்த பெரிய அம்மா, நரைத்த முடியை ஒட்ட வெட்டிய மெலிந்த பெண்மணி, கத்தரிக்கோலோடு நின்றார். வாசலில் இளைஞர் கூட்டத்தைக் கண்டதும் ரங்கெல் இரண்டு கைகளையும் விரித்தான்.

“பாத்தீங்களா மேடம்? நான் சொன்னேன்ல? எங்க குடும்பம்!”

தெனிட்சா புதுச் சாளரத்துக்கு முன்னால் போய் நின்றாள். “கணக்கை மூடணும்.”

சாளரத்துப் பெண் சிரித்தாள். “இன்னைக்கு விழாம்மா. திறக்குற நாள்.”

“திறந்திருக்கீங்கல்ல? மூடணும்.”

“எனக்கும்” என்றான் பின்னாலிருந்து கலின். அவனுக்குப் பின்னால் பக்கத்துப் படுக்கைக்காரி. வரிசை கதவைத் தாண்டி நடைபாதைவரை நின்றது. யாரும் சத்தம் போடவில்லை. ஒவ்வொருவராக மரியாதையாக அதே சொல்லைச் சொன்னார்கள்.

ரங்கெலின் சிரிப்பு உடனே போகவில்லை. போவதற்கு வழி தெரியாமல் உதட்டில் மாட்டிக்கொண்டு நின்றது. “என்னம்மா இது விளையாட்டு? என்ன குறை வெச்சேன்?”

“எங்கப்பா பேரு காஞ்சோ வெல்கோவ்.”

இந்த ஒரு கணத்துக்காகத்தான் கோடை முழுவதும் சிரித்தாள். அவன் முகம் இடிந்து விழுவதைப் பார்க்கக் காத்திருந்தாள். அவனோ நெற்றியைச் சுருக்கினான்.

“எந்தக் காஞ்சோ?”

அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே தேடினான்.

“ரொட்டி அடுப்பு வெச்சிருந்தாரே, அவரா? அது சட்டப்படி நடந்ததும்மா, அவரே ஜாமீன் போட்டாரு... இல்ல, பீச் தோட்டத்துக்காரரா? அந்த ஆளுக்குக் காதும் கேக்காது... ஓ, நெசவாலைக்குப் பக்கத்து வீடு, விதவையம்மா, அவங்களுக்கு உறவா நீ?”

பெரிய அம்மா கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். “மினெவ்,” என்றார் நிதானமாக, “நீங்க இப்ப சொன்னவங்கல்லாம் யாரு?”

ரங்கெல் திரும்பினான். தான் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“எல்லாரும் யாருக்கு ஜாமீன் போட்டாங்க? ஒரே ஆளுக்கா?”

“மேடம், அது... பழைய விஷயம்...”

“உள்ள வாங்க. சாவியையும் எடுத்துட்டு வாங்க.”

கண்ணாடி அறைக்குள் அவர் உட்கார்ந்தார். ரங்கெலை உட்காரச் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தெனிட்சா கடைசி ஆள் கணக்கை மூடும்வரை அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று, ஒரு நொடியும் விடாமல் பார்த்தாள். இனித்தது. ஆனாலும் உள்ளே எங்கோ ஒரு முள் கிடந்து உறுத்தியது. அப்பாவின் பெயர்கூட அவனிடம் மிச்சமில்லை.

ஒரு மாதத்துக்குள் ரங்கெலுக்கு வேலை போனது. விசாரணை நடக்கிறது என்றார்கள். ஸ்பெயினுக்கு ஓடிய கூட்டாளிக்குப் பின்னால் இன்னும் எத்தனை ஜாமீன்கள் என்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். பட்டறை திரும்பி வரவில்லை; வரும் என்று அவள் நினைக்கவும் இல்லை. அவள் சம்பளம் இப்போது தபால் நிலையத்துக்குப் பக்கத்து வங்கிக்குப் போகிறது.

விடுப்பு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனாள். அப்பா பால்கனியில் குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து தோலுரிக்கத் தொடங்கினாள். உரித்துக்கொண்டே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மிளகாய் ஒன்று கருகிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

“என் பேரைச் சொன்னியா?”

“சொன்னேன்பா.”

“அவ்வளவு பேருக்கு முன்னாலயா?”

“ஆமா.”

அவர் விரலிலிருந்த கரித்தோலைத் துடைத்தார். துடைத்த விரலையே திரும்பவும் துடைத்தார்.

“அவனுக்கு என்னை ஞாபகம் இருந்துதாம்மா?”

தெனிட்சா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

“இல்லாமயா? பேரைக் கேட்ட உடனே முகம் வெளுத்துப்போச்சு. நாற்காலியைப் புடிச்சுக்கிட்டான். ‘காஞ்சோ அண்ணன் மகளா நீ’ன்னான். குரலே வரல.”

“அண்ணன்னா சொன்னான்?”

“அண்ணன்னுதான் சொன்னான்.”

அப்பா மெல்லத் தலையாட்டினார். பிறகு சிரித்தார். முதலில் மூக்கால், அப்புறம் தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“வெளுத்துச்சா? இன்னொரு தடவ சொல்லு. மொதல்லருந்து சொல்லு. நீ உள்ள போறப்ப எங்க நின்னுட்டு இருந்தான்?”

அவள் முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை ரங்கெலின் கை நடுங்கியது. வைன் கிண்ணம் கீழே விழுந்து உடைந்தது.