தனி டம்ளர்

என் மகனுக்கு டிபியாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே அவன் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எதிர் வீட்டுக்காரி ஒருத்தி போதும், விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். "யார் கேட்டாலும் சளின்னு சொல்லுங்க" என்று வீட்டில் கட்டளை போட்டேன்.

அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்து என்னைக் கூப்பிடுவான். இப்போது கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போய்வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதாம். முதுகில் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். அந்த நீரைச் சோதிக்கும் லேபில்தான் என் மருமகள் வேலை பார்க்கிறாள்.

டம்ளரைப் பார்த்து அவள் சிரித்தாள். "டிபி டம்ளர்ல ஒட்டாது அத்தை."

"உன் படிப்பை உன்னோட வச்சுக்கோ."

"தட்டும் தனியா குடும்மா. அப்பவாவது இவ என் பங்கைத் திருடாம இருப்பா" என்று கட்டிலிலிருந்து இருமலும் சிரிப்புமாகக் குரல் வந்தது.

அன்று பாத்திரம் தேய்க்கும்போது மருமகள் மெதுவாகச் சொன்னாள். "அத்தை, டிபியா இருக்கணும்னு வேண்டிக்கோங்க."

எனக்குச் சுருக்கென்றது. "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"டிபின்னா ஆறு மாசம் மாத்திரை, எழுந்து நடந்துடுவாரு. அந்தக் கிருமியோட உடம்பு சண்டை போட்டா நீர்ல ஏ.டி.ஏ.ன்னு ஒண்ணு ஏறும், இன்டர்ஃபெரான்னு ஒண்ணு ஏறும். இந்த மாதிரி நீர் வந்தா, நம்பர் ஏறணுமேன்னுதான் எங்க லேப்ல எல்லாரும் பாத்துட்டு நிப்போம். ஏறலன்னா..." குழாயை மூடினாள்.

நானும் வேண்டினேன். எந்தத் தாயாவது பிள்ளைக்கு நோய் கேட்பாளா? நான் கேட்டேன். சிவப்பு நூல் நைந்ததும் புதிது கட்டினேன்.

முடிவு வருகிற அன்று அவள் சீக்கிரமே வீடு திரும்பினாள். தோள்பையைக்கூட இறக்காமல் சமையலறைக்குப் போய், அவன் டம்ளரை எடுத்து நூலை அவிழ்த்தாள். கழுவி, எங்கள் டம்ளர்களுக்கு நடுவில் கவிழ்த்தாள்.

"இனிமே தனி டம்ளர் வேண்டாம் அத்தை."

"ஏம்மா?"

"ரெண்டும் ஏறல. டெஸ்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். நீர்ல புற்று செல் தெரியுதுன்னு டாக்டரே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. நல்லாப் பரவிடுச்சாம்."

அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று என் தோளில் வாயை அழுத்திக்கொண்டு அழுதாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாலையில் குப்பை கொட்டப் போனபோது எதிர் வீட்டுக்காரி வாசலில் நின்றாள். "பிள்ளைக்கு இன்னுமா சளி தீரல?"

"சளி இல்ல. டிபி" என்றேன், சத்தமாகவே.

மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். வேறு நாளாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

"ஆறு மாசம் மாத்திரை. அப்புறம் பழையபடி வேன் ஓட்டுவான்."

தலையாட்டினாள். நம்பிவிட்டாள். விடிவதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள். சொல்லட்டும். அவள் வாயிலாவது என் பிள்ளை பிழைத்துக்கொள்ளட்டும்.