எதிர்த்தரப்பின் கட்டில்

காலை டியூட்டி முடித்து வந்த, பஸ் டிரைவரான கணவன் வாசலைத் தாண்டுவதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். டெய்லரக்கா தெருவுக்கு ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டாள். பக்கத்தில் இருப்பது ஒரே ஆஸ்பத்திரி. அதன்மேல்தான் அவள் கேஸ் போட்டிருந்தாள்.

போன வருடம் காய்ச்சலென்று போனவளுக்கு வலது புஜத்தில் போட்ட ஊசி, இடம் தவறி நரம்பில் இறங்கிவிட்டது. தோளிலிருந்து விரல்நுனிவரை கரண்ட் அடித்தமாதிரி ஒரு வெட்டு. அதற்குப் பிறகு மணிக்கட்டு நிமிரவேயில்லை. கத்தரி பிடித்த கை, சோறு உருட்டவும் உதவாமல் தொங்கியது. தையல் மிஷின்மேல் அழுக்குத் துணி குவிந்தது. நஷ்டஈடு கேட்ட கேஸ் அடுத்த வாரம் விசாரணைக்கு வருகிறது. ஊசி போட்ட நர்ஸைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கப்போவதாக வக்கீல் சொல்லியிருந்தார்.

"கேஸ் போட்ட வீட்டுக்கே விருந்தாளியாப் போறோம் பாரு" என்றான் கணவன், ஆட்டோவில் பல்லைக் கடித்துக்கொண்டு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. காத்திருந்தவர்களை விலக்கி உடனே உள்ளே விட்டார்கள். அவளுக்குப் பயம் பிடித்ததே அப்போதுதான். மேனேஜர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. கிட்னியில கல்லு, அவ்வளவுதான். டாக்டர் பார்த்துட்டார். ஒரு குறையும் வராமப் பார்த்துக்குவோம், நீங்க என்ன வெளியாளா?" சிரித்தார். "அடுத்த வாரம் கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிக்கலாம்மா. அவசரமில்ல. முதல்ல அவர் எந்திரிச்சு நடக்கட்டும்."

பேசாவிட்டால்? 'நடக்கட்டும்' என்ற சொல் மட்டும் காதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

வலிக்கு ஊசி போடத் தட்டோடு வந்தவள், அதே நர்ஸ். பாதி ஆளாக இளைத்திருந்தாள்.

"வேற யாருமே இல்லையா?"

"என்னைத்தான் போகச் சொன்னாங்கக்கா."

"யாரு சொன்னது?"

நர்ஸ் மேனேஜர் அறைப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "இடுப்புல போடணும். கொஞ்சம் வெளிய நில்லுங்க."

இடுப்பிலா? அங்கிருந்து இறங்கும் நரம்பு பிரேக் மிதிக்கிற காலுக்கல்லவா போகிறது!

"நான் இங்கதான் நிப்பேன்."

"நீங்க பார்த்துட்டிருந்தா எனக்குக் கை நடுங்குதுக்கா." தட்டு கலகலத்தது. பொய் இல்லை. "அன்னிலேர்ந்தே இப்படித்தான்."

"யாராவது போட்டுத் தொலைங்களேன், உயிர் போகுது!" என்று அலறினான் கணவன்.

டெய்லரக்கா இடது கையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். நின்றாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து. வெளியே வந்தாள். பின்னால் திரை இழுபடும் சத்தம் கேட்டது.

திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் நர்ஸின் வெள்ளைச் செருப்புகள் மட்டும் தெரிந்தன. அவை வெகுநேரம் அசையவில்லை. ஊசிக்காக மூச்சை அடக்கியதுபோல் கணவனின் முனகல் நின்றது. பிறகு, மெல்ல, ஊசியோடு கட்டில்மேல் குனிபவளைப்போல், குதிகால்கள் இரண்டும் செருப்பைவிட்டு மேலெழும்பின.