ருக்கு பேரில் ஐம்பது ஷேர்

வருஷா வருஷம் மார்ச் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு கூட்டம் நடக்கும். கலந்துகொள்பவர்கள் இரண்டு பேர். என் வீட்டுக்காரர் எத்திராஜ் பேசுவார், நான் காபி கொடுப்பேன். வரப்போகிற வருஷத்துச் செலவுக்கு எந்த ஷேரை விற்பது என்பதுதான் விஷயம். கட்டில் மேல் பத்திரங்களைப் பரப்பி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவர் உட்காரும் தோரணையைப் பார்த்தால், டில்லியில் பட்ஜெட் போடுகிறவர்கள்கூட எழுந்து நிற்பார்கள்.

தொண்ணூற்றிரண்டில் ஃபேக்டரியில் இவருக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு இவருடையது. இருபத்தெட்டு வருஷ வேலைக்கு பி.எஃப். எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் வந்தது. பென்ஷன் கிடையாது. பாதிப் பணத்தை ஜோகுபாளையத்தில் இந்த வீட்டுக்கு லீஸாகக் கொடுத்தோம். பெங்களூரில் அப்படி ஒரு வழக்கம். மொத்தமாக ஒரு தொகையை ஓனரிடம் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை. காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மீதிப் பாதியில் இவர் ஷேர் வாங்கினார்.

ஊரே அப்போது ஷேர் அப்ளிகேஷன் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு பேருக்கு ஒரு அப்ளிகேஷன்தான் போடலாம். அதனால் எல்லா வீட்டிலும் செய்ததை இவரும் செய்தார். தன் பேரில் ஒன்று, என் பேரில் ஒன்று. நல்ல கம்பெனி என்றால் ஆயிரம் பேர் கேட்பார்கள், குலுக்கிப் போட்டுப் பத்துப் பேருக்குக் கொடுப்பார்கள். யாரும் சீந்தாத கம்பெனி என்றால் கேட்டவனுக்குக் கேட்டதெல்லாம் கிடைக்கும். இவருக்குக் கேட்டதெல்லாம் கிடைத்தது. இறால் பண்ணை, தேக்குத் தோட்டம், தோல் செருப்பு, கிரானைட் என்று பதினாலு கம்பெனி. என் பேரில் குலுக்கலில் விழுந்தது ஒன்றே ஒன்று, கோரமங்களாவில் ஏதோ ஒரு மாடியில் இருந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் நூறு ஷேர்.

"கம்ப்யூட்டர்கூடச் செய்யலயாம், அதுக்குள்ள போடுறத எழுதுறாங்களாம். போனாப் போகுது, உன் பேர்லதானே" என்றார்.

நஷ்டத்துக்கு விற்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. "போட்ட காசு வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பார். பதினாலில் ஒன்றுகூடப் போட்ட காசுக்கு வரவில்லை. ஆகவே ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு மணி நேர ஆராய்ச்சிக்குப் பிறகு விற்கப்பட்டது என்னுடையதுதான். கம்பெனி சும்மா கொடுத்த போனஸ் ஷேர் மேல் போனஸ் ஷேர் வந்து நூறு நானூறாக ஆனது. ஐம்பது, நூறு என்று விற்று ஆறு வருஷம் சாப்பிட்டோம். விற்ற அன்றைக்கு, "எப்படி என் கணக்கு?" என்று அல்சூரிலிருந்து கால் கிலோ மைசூர்பாக் வாங்கி வருவார். நானும் தின்றேன், பொய் சொல்லக் கூடாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேனே தவிர, எதில் போடுகிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இரண்டாயிரம் ஃபிப்ரவரியில் ஓனர் கோவிந்தப்பா வந்து உட்கார்ந்து, தன் கன்னடத் தமிழில் ஆரம்பித்தார்.

"ஏன்ரீ எத்திராஜ், சாஃப்ட்வேர் பசங்க நாலு லட்சத்தைக் கையில வெச்சிக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க. உங்க மொகத்துக்காக மூணு கேக்கறேன். யுகாதிக்குள்ள இன்னொரு ஒண்ணரை கொடுங்க, இல்லாட்டி காலி பண்ணுங்க."

காலி செய்தால், திரும்பி வரும் ஒன்றரை லட்சத்துக்கு ஊருக்கு வெளியே ஹொஸ்கோட்டைப் பக்கம் போனால்தான் வீடு. எனக்கு இந்த வீடு வேண்டும். எட்டு வருஷம் சண்டை போட்டுத் தனிக் குழாய் வாங்கியிருக்கிறேன்.

அந்த மாதமே இன்னொன்றும் நடந்தது. ஷேர் விற்க வேண்டுமென்றால் இனிமேல் காகிதம் செல்லாது, பேங்கில் கணக்கு வேண்டும் என்றார்கள். என் பேரில் கணக்குத் திறக்கப் போனோம். கவுன்டரில் இருந்த லாவண்யா என்கிற சேலத்துப் பெண் என் பத்திரத்தை வாங்கி, கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நேராக என்னிடம் பேசினாள்.

"அம்பது ஷேர் இருக்கு ஆன்ட்டி. இன்னைய ரேட்டுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம். நீங்கதான் ஓனர். நீங்க சொன்னாத்தான் விக்க முடியும்."

பக்கத்து நாற்காலியில் இவர் சுவர்க் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் முதல் ஞாயிறு. இவர் பத்திரங்களைப் பரப்பினார். நான் காபி போடவில்லை. கட்டிலில் எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

"சாஃப்ட்வேர் அம்பதையும் வித்துடலாம்" என்றார்.

"இந்த வருஷம் உங்களோடதுல ஏதாவது வித்துக் கொடுங்க."

"அதெல்லாம் நஷ்டத்துல கெடக்குதுடி."

"ஆறு வருஷமா லாபத்துல இருந்தது யாரோடதுங்க?"

மின்விசிறியில் ஒரு பத்திரம் பறந்து கீழே விழுந்தது. தேக்குத் தோட்டம். எடுத்து மறுபடி அதன் இடத்தில் வைத்தார்.

மறுநாள் நானே பதினாலு பத்திரங்களையும் பையில் போட்டு, இவரையும் இழுத்துக்கொண்டு அல்சூர் பஜாரில் ஷேர் புரோக்கர் டென்சிலின் மாடிக்குப் போனேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து மூன்று குவியலாக வைத்தார். கம்பெனியே காணாமல் போனவை ஒன்பது. வாங்க ஆள் இல்லாதவை மூன்று. மிச்சம் இரண்டு.

"ரெண்டும் சேர்த்து ஆயிரத்து முந்நூத்தி நாப்பது வரும் ஆன்ட்டி. ஆனா கணக்கு தொறக்கணும், கமிஷன், சார்ஜ் எல்லாம் போச்சுன்னா, நீங்கதான் எனக்குக் கொடுக்கற மாதிரி ஆயிடும்."

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! இப்ப விக்கறது புத்திசாலித்தனம் இல்லன்னு டென்சிலே சொல்லிட்டார்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆட்டோவில் ஏறியதும் கேட்கலாம் என்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அதற்குள் இவர் பையை மடியில் அணைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி பேசினார்.

"வித்துட்டா முடிஞ்சுதே ருக்கு. இருபத்தெட்டு வருஷத்துக்கு ஆயிரத்து முந்நூத்தி நாப்பதுன்னு எழுதின மாதிரி ஆயிடும். விக்காத வரைக்கும் அது ஒண்ணரை லட்சம்தான். எனக்குத் தெரியாதா என்ன? தெரியும்."

பாவமாக இருந்தது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே ஆட்டோவில் வந்தன.

அடுத்த வாரம் தனியாகப் போய், என் ஐம்பதையும் விற்றேன். என் பேரில் இருந்த கடைசி ஷேர் அது. பேங்க் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். கோவிந்தப்பாவின் ஒன்றரை லட்சம் போக, மீதிப் பத்தாயிரத்தில் வருஷத்தை ஓட்ட முடியாது. அதனால் எதிர் மாடியில் இருக்கும் ஐந்து சாஃப்ட்வேர் பையன்களுக்கு ராத்திரிச் சாப்பாடு கொடுப்பதாகப் பேசி முடித்தேன். எங்களை வீட்டை விட்டுத் துரத்தப் பார்த்த கூட்டம், தலைக்கு அறுநூறு ரூபாய் மாதா மாதம் தரட்டுமே.

யுகாதிக்கு இரண்டு நாள் முன்னால் கோவிந்தப்பா ஸ்டாம்ப் பேப்பரோடு வந்தார். எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"காலி பண்றப்போ மூணு லட்சத்தை யார் கையில கொடுக்கறது?"

இவர் தொண்டையைக் கனைத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மொதல்ல கொடுத்த ஒண்ணரை அவருக்கு, இப்பக் கொடுத்த ஒண்ணரை எனக்கு. ரெண்டு செக்."

"அய்யோ கடவுளே, புருஷன் பொண்டாட்டிக்கு ரெண்டு செக்கா? இருபது வருஷத்துல நான் எழுதினதே இல்லம்மா."

"இப்ப எழுதுங்க."

இவர் முகம் சுண்டிப்போனது. கோவிந்தப்பா என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதினார். பேனாவை வாங்கிக்கொண்ட இவர் கையெழுத்துப் போடாமல் மெதுவாகக் கேட்டார்.

"ஓனரே, என்னோட ஒண்ணரை லட்சம்... கொறையாம வருமில்ல?"

"என்னரீ இது, என்னை என்னன்னு நெனச்சீங்க? ஒரு பைசா கொறையாது."

"அப்படின்னு அதுல இருக்கா?"

கோவிந்தப்பா அந்த வரியைப் படித்துக் காட்டினார். இவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவர் அலுத்துக்கொண்டே மறுபடியும் படித்தார். ஒன்றரை லட்சம், எத்திராஜ் அவர்களுக்கு, முழுத் தொகையும், ஒரு பைசா குறைவின்றி. கேட்கக் கேட்க இவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான் கலங்கியது. ஆனால் இரண்டு செக் இரண்டு செக்தான்.