ஐந்தாம் பக்கம்

எங்கள் சுரங்கத்தின் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது. குழிக்குள் ஓடும் ஒவ்வொரு லாரியும் தான் எங்கே போகிறது, எவ்வளவு நிலக்கரி ஏற்றியிருக்கிறது, டீசல் எவ்வளவு மிச்சம் என்று ஓயாமல் எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் குவியலை அப்படியே கொட்டினால் யாராலும் படிக்க முடியாது. அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, எது முன்னால் வர வேண்டும், எது பின்னால் போகலாம் என்று டேஷ்போர்டில் அடுக்குவது நோர்லைலாவின் வேலை.

அடுக்குவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பக்கத்தின் பெயரை மவுசால் பிடித்து இழுத்தால் அது இடம் மாறிவிடும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் சுவர்த்திரை முதல் நான்கு பக்கங்களை மட்டுமே மாற்றி மாற்றிக் காட்டும். ஐந்தாவது பக்கம் அழிந்துபோவதில்லை. அதன் எண்கள் உள்ளே மாறிக்கொண்டேதான் இருக்கும். யாராவது தேடிப்போய்த் திறந்தால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை. ஆக, பக்கங்களை அடுக்குகிறவர்தான் அந்த அறையின் கண்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்.

ரமலான் மாதம் பிறந்தால் ‘தூக்கம்’ என்ற பக்கத்தை முதலில் கொண்டுவந்து வைப்பது எங்கள் வழக்கம். அதில் ஒரு லாரிக்கு ஒரு புள்ளி. ஓட்டுநருக்கு எதிரே இருக்கும் சிறிய கேமரா அவர் இமைகளைக் கவனிக்கும். விழித்திருந்தால் புள்ளி பச்சை, கொட்டாவி விட்டால் மஞ்சள், இமைகள் மூடி நிற்க ஆரம்பித்தால் சிவப்பு. எஞ்சின் நின்றுவிட்டால் சாம்பல் நிறம். சிவப்பைக் கண்டதும் ரேடியோவில் பெயர் சொல்லி எழுப்புவோம். லாரிக்குள்ளேயே ஒரு அலாரமும் உண்டு. ஆனால் அது ஒவ்வொரு கொட்டாவிக்கும் வீறிடும். நோன்புத் தலைவலியில் அதைத் தாங்க முடியாமல் ஓட்டுநர்கள் அதன் வாயில் துணியை அடைத்துவிடுவார்கள். மேலாளர் உட்பட எல்லோருக்கும் இது தெரியும். அதனால் அந்த மாதம் அவர்களை எழுப்ப எங்கள் குரலை விட்டால் வேறெதுவும் இல்லை.

நாற்பத்தேழாம் லாரியை ஓட்டிய பஹ்ரானி நோர்லைலாவின் அண்ணன். மனைவி பிரசவத்துக்குப் பஞ்சார்மாசின் நகரத்துக்குப் போயிருந்தாள். இரவுத் தொழுகை முடிந்து படுத்து, விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு எழுந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் தானே சமைத்துப் போட்டுவிட்டு வேலைக்கு வருவார். வெயில் ஏற ஏற அவர் புள்ளி சிவக்கும்.

"நாப்பத்தேழு, அண்ணே, வண்டிய ஓரங்கட்டு. மூஞ்சியக் கழுவு."

"கழுவினா தண்ணி வாய்க்குள்ள போயிடும், நோர். நோன்பு போயிடும்."

"உன் வாயை மூடிட்டுக் கழுவு. அது ஒண்ணுதான் உன்னால முடியாதது."

எல்லா லாரிகளிலும் சிரிப்புக் கேட்கும். ரேடியோ பொது ஆயிற்றே. சற்று நேரத்தில் புள்ளி பச்சையாகும்.

பாதி மாதம் போயிருந்தபோது ஜகார்த்தாவிலிருந்து முதலீட்டாளர்கள் வருவதாகச் செய்தி வந்தது. நாங்கள் ‘பாக்’, அதாவது ஐயா, என்று அழைக்கும் மேலாளர் விர்யாவன் அறைக்குள் வந்து சுவரைப் பார்த்தார்.

"என்ன நோர் இது, அம்மை போட்ட மாதிரி?"

"தூங்கி விழற டிரைவருங்க, பாக். நோன்புல எப்பவும் இதுதானே முதல் பக்கம்."

"எனக்குத் தெரியும். வர்றவங்களுக்குத் தெரியுமா? உள்ள நுழைஞ்சதும் சிவப்பா நின்னா என்ன நினைப்பாங்க? உற்பத்திய முன்னாடி போடு."

"இதைப் பின்னாடி தள்ளினா சுவத்துல வராது, பாக். எங்கண்ணனும் இதுல இருக்கார்."

"அழிக்கவா சொன்னேன்? தள்ளி வைன்னுதானே சொல்றேன். ஒரு நாள் உன் கம்ப்யூட்டர்ல பாத்துக்க. அவங்க கிளம்பினதும் பழையபடி வெச்சுடு."

அவள் ‘தூக்க’த்தை ஐந்தாவது இடத்துக்கு இழுத்தாள். விருந்தினர்கள் வந்தார்கள், பச்சைக் கோடுகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வண்டி வாசலைத் தாண்டியதும் நோர்லைலா பக்கத்தை முதலிடத்துக்கு இழுத்துச் ‘சேமி’யை அழுத்தினாள். ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

இங்கேதான் அந்த மென்பொருளின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் அடுக்கு இரண்டு வகை. எல்லோருக்கும் பொதுவானது ஒன்று, அவரவர் லாகினுக்கு உரியது இன்னொன்று. சுவர்த்திரை பொது அடுக்கைத்தான் காட்டும். விருந்தினர்கள் முன்னால் யாரும் எதையும் மாற்றிவிடக் கூடாது என்று அவள் பக்கத்தைத் தள்ளி வைத்த பிறகு, விர்யாவன் முந்தைய நாளே பொது அடுக்கைத் தன் பெயரில் பூட்டியிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. திறக்கவும் மறந்துவிட்டார். பூட்டிய அடுக்கை வேறொருவர் மாற்றினால் மென்பொருள் தடுக்காது. மற்றவர்களுடையதைக் கெடுக்காமல், மாற்றியவருக்கு மட்டும் சேமித்துக்கொள்ளும். ஆளுக்கொரு ரசனை உள்ள அலுவலகங்களுக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு வகைச் சேமிப்புக்கும் அது சொல்வது அதே ஒற்றை வார்த்தை.

நோர்லைலாவின் மேசை சுவர்த்திரைக்கு நேர் கீழே, அதற்கு முதுகு காட்டி இருந்தது. அவள் கணினியில் ‘தூக்கம்’ முதலில் நின்றது. சிவப்பைக் கண்டால் கூப்பிட்டாள், ஓட்டுநர்கள் எழுந்தார்கள். என் வேலை நிலக்கரி அள்ளும் இயந்திரங்களின் ரேடியோ, என் கண் என் திரையில். எங்களுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் விர்யாவன் அவளைச் சுரங்க வாசலில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு அழைத்தார். முதலீட்டாளர்களுக்கு உற்பத்திப் பக்கம் பிடித்துப்போய்விட்டதாம். தங்கள் நிறத்தில், தங்கள் சின்னத்தோடு தனியாக ஒன்று வேண்டுமாம். டீசல் பிரிவிலிருந்து சுயித்னோ என்பவன் அவள் இடத்தில் உட்கார வந்தான். அந்த அறைக்கு அவன் புதிது.

"சுவத்துல புள்ளிப் புள்ளியா ஒரு பக்கம் வரும்," என்றாள் நோர்லைலா, பையை எடுத்தபடி. "சிவப்பு தெரிஞ்சா பேர் சொல்லிக் கத்து. வெக்கப்படாத. முக்கியமா நாப்பத்தேழு."

"உங்கண்ணன்தானே? தாலாட்டு வேணா பாடவா, அக்கா?"

"பாடிப் பாரு. வந்து உன் மூஞ்சியக் கழுவுறேன்."

அவள் போனதும் சுயித்னோ தன் லாகினில் கணினியைத் திறந்தான். அதில் உற்பத்தி முதலில் வந்தது. சொன்னபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். உண்மையாகவே பார்த்தான், செல்போனைக்கூடத் தொடவில்லை. உற்பத்தி, லாரிகள், டீசல், சாலைகள். லாரிகள் பக்கத்திலும் வரைபடத்தின் மேல் புள்ளிகள் நகர்ந்தன. அவள் சொன்னது இதுதான் என்று எடுத்துக்கொண்டான். அந்தப் புள்ளிகள் லாரி பழுதானால் மட்டுமே சிவக்கும்.

"இன்னிக்கு எல்லாரும் நல்லாத் தூங்கிட்டு வந்திருக்காங்க போல, மாஸ்," என்றான் என்னிடம், அண்ணன் முறை வைத்து. "ஒரு சிவப்புகூட இல்ல."

நண்பகல் தொழுகைக்குச் சற்று முன் ரேடியோவில் ஒரு குரல் உடைந்து வந்தது. "நாப்பத்தேழு... கரையைத் தாண்டிடுச்சு. மண்மேட்டுல இருந்து கீழ. பிரேக்குல கால வைக்கவே இல்ல, நேராப் போச்சு."

எல்லா லாரிகளையும் நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொன்னோம். மீட்புக்குழு கீழே இறங்கிக்கொண்டிருந்தபோதே நோர்லைலா ஓடி வந்தாள். அறை நடுவில் நின்று சுவரை அண்ணாந்து பார்த்தாள். உற்பத்தி போயிற்று. லாரிகள். டீசல். சாலைகள். அடுத்தது வரும் என்று காத்திருந்தாள். மறுபடியும் உற்பத்தி வந்தது.

"நான் சேமிச்சேனே," என்றாள். "சேமிச்சாச்சுன்னு சொல்லிச்சே, மாஸ்."

சுயித்னோ எழுந்து சுவரோரம் ஒதுங்கினான்.

அவள் பின்னாலேயே வந்த விர்யாவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு குனிந்து, சுயித்னோவின் கணினியில் தன் லாகினைப் போட்டு, பூட்டைத் திறந்து, ஐந்தாம் பக்கத்தை முதலிடத்துக்கு இழுத்தார்.

சுவரில் ‘தூக்கம்’ வந்தது. நின்றுபோன லாரிகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் வரிசையாக இருந்தன. நடுவே ஒரே ஒரு புள்ளி மட்டும் சிவப்பாக நின்றது. கவிழ்ந்து கிடந்தாலும் அந்த லாரியின் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, கேமரா வேலை செய்துகொண்டிருந்தது. மூடிய இமைகளைக் கண்டால் அதற்குச் சொல்லத் தெரிந்தது அது ஒன்றுதான்.

விர்யாவனின் கை மறுபடியும் மவுசுக்குப் போயிற்று. "இப்ப வேணாம், நோர். நீ பாக்காத. தள்ளி வெச்சுடறேன்."

"இருக்கட்டும், பாக்," என்றாள் அவள்.

மவுசை அவர் கையிலிருந்து வாங்கி மேசையின் மறுகோடியில் வைத்தாள். பிறகு ரேடியோவை எடுத்து, பொத்தானை அழுத்தாமல், வாயருகே பிடித்துக்கொண்டு நின்றாள்.