பாலமுனைக்குப் போன சில்லர்

ஹிஷாம் பிளக்கைப் பிடுங்கியதும், மீன்தொட்டிக்குக் கீழே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த சில்லரின் உறுமல் சட்டென்று நின்றது. ஹோலுக்கும் உள்ளறைக்கும் நடுவே கட்டிய திரைச்சீலைக்குப் பின்னால் றுஸ்தா நின்றாள். சீலையின் ஓரத்தில் இருந்த இடைவெளியில் அவளுக்குத் தெரிந்தது அவனுடைய முதுகு மட்டும்தான். அந்த முதுகைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை. தண்ணீரைக் குளிர வைக்கும் அந்தப் பெட்டியை அவன் எப்படிக் கழற்றுகிறான் என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

வீடு அவளுடைய சீதன வீடு. இந்தப் பக்கத்து ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வருவார், ஒத்துவராவிட்டால் அதே பெட்டியோடு போவார். மூன்று தலாக்கும் முடிந்து மருதமுனையை விட்டுப் போன ஹிஷாம், றுஸ்தா தலாக்குக்குப் பிந்திய இத்தாக் காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கும்போதே பாலமுனையில் இன்னொரு சீதன வீட்டில் மாப்பிள்ளையாக ஏறிவிட்டான். அங்கேயும் ஹோலில் ஒரு கடல்நீர்த் தொட்டி கட்டி, பொறுமையில்லாமல் மீனையும் விட்டுவிட்டானாம். இப்போது தண்ணீர் சூடேறுகிறது, சில்லர் வேண்டும். தொட்டி றுஸ்தாவின் வாப்பா செய்வித்துக் கொடுத்தது, அதில் அவன் கை வைக்க முடியாது. சில்லர் மட்டும் அவன் கொழும்பில் வாங்கியது. கச்சான் காற்று ஓயும்வரைக்குமாவது விட்டுவைக்கச் சொல்லித் தம்பி முர்ஷித்திடம் சொல்லி அனுப்பினாள். இந்த அனல் காற்றில் சில்லர் இல்லாமல் கடல்மீன் தாங்காது என்பது அவனுக்கும் தெரியும். "அவட மீன் செத்தா எனக்கென்ன?" என்று பதில் வந்தது.

வாங்கியது அவன்தான், வளர்த்தது யார்? அவன் கத்தாரில் இருந்த அத்தனை வருடமும் விடியற்காலையில் கடற்கரைக்கு ஆள் அனுப்பித் தண்ணீர் எடுப்பித்து, வடித்து, உப்புப் பார்த்து ஊற்றியவள் அவள். சில்லரின் தூசி வலையைக் கழுவியவள், குழாய் ஒழுகினால் பழைய சீலையைக் கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்து மூட்டுப் போட்டவள் அவள். அவன் லீவில் வந்தால் நண்பர்களைக் கூட்டிவந்து தொட்டிக்கு முன்னால் உட்கார வைத்துப் பெருமை அடிப்பான். விரல் விரலாக விரியும் கடல்சாமந்திக்குள் இரண்டு கோமாளி மீன்கள் ஒளிந்து விளையாடுவதை வீடியோ எடுப்பான். தீனி எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

இன்றைக்கு வாசலில் கால் வைத்ததும் வைக்காததுமாக முர்ஷித்தைப் பார்த்துச் சொன்னான்: "இப்ப நான் அந்நிய ஆம்புள. உங்கட றாத்தாட முகமும் எனக்குத் தெரியக் கூடா, குரலும் கேக்கக் கூடா. செல்லி வைங்க." மார்க்கம் அவ்வளவு தூரம் கேட்கவில்லை என்று முர்ஷித்துக்குத் தெரியும். அவள் ஏதாவது கேட்டுவிடுவாள், பதில் சொல்ல வேண்டி வரும் என்ற பயம்தான் அது. முர்ஷித் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓம்" என்றான்.

ஹிஷாம் வால்வைப் பூட்டாமலே குழாயை இழுத்தான். கடல்தண்ணீர் பீறிட்டு ஹோல் முழுக்க ஓடியது. 'பூட்டுடா அதை' என்று றுஸ்தாவின் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவன் தட்டுத்தடுமாறி வால்வைத் தேடிப் பூட்டி, நனைந்த சாரத்தோடு பெட்டியைத் தூக்கி ஓட்டோவுக்குக் கொண்டுபோனான். நிமிர்த்தி வைத்தால் பிரேக் போடும்போது விழும் என்று ஓட்டோக்காரர் சொல்ல, பின் சீட்டில் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்தான்.

உள்ளறை யன்னலால் றுஸ்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்க வைத்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் இடம்மாறி ஓடிவிடும். இறக்கியதும் ஓர் இரவாவது நிமிர்த்தி வைக்க வேண்டும். உடனே போட்டால் இயந்திரம் எரிந்துவிடும். கொழும்பிலிருந்து பெட்டி வந்தபோது கடைக்காரப் பையன்கள் அவளிடம்தான் அதைச் சொன்னார்கள், ஹிஷாம் அப்போது தொட்டிக்கு முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தான்.

ஓட்டோவில் ஏறப்போனவன் திரும்பி வந்தான். "எத்தின டிகிரில வெச்சிருந்த எண்டு கேளுங்களன்."

முர்ஷித் திரைச்சீலையைப் பார்த்தான். சீலை அசையவில்லை. "குரல் கேக்கக் கூடா எண்டு நீங்கதானே செல்லின?" என்றான். ஹிஷாமின் முகம் கறுத்தது. ஓட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அஸர் தொழுகைக்குப் பிறகு கச்சான் இன்னும் கடுமையாக அடித்தது. றுஸ்தா ஃபேனைத் தொட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தாள். ஐஸ் போத்தல் வாங்கிவர முர்ஷித்தைக் கல்முனைக்கு அனுப்பப் பார்த்தாள், இருந்த கோபத்தில் அவன் போகாமல் ஹிஷாமைத் திட்டிக்கொண்டே இருந்தான். கடல்சாமந்தி விரல்களைச் சுருக்கத் தொடங்கியிருந்தது. கோமாளி மீன்கள் அதை விட்டு மேலே வந்துவிட்டன. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் வென்றதாகிவிடும் என்று அழாமல் இருந்தாள்.

அப்போதுதான் முர்ஷித்தின் போன் அடித்தது. ஹிஷாமின் நம்பரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டான். கேட்டது ஹிஷாமின் குரல் இல்லை, ஓர் இளம்பெண்ணின் குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும். பாலமுனையிலிரிந்து பஹ்மிதா கதைக்கன். றாத்தாட்டக் கொஞ்சம் குடுப்பீங்களா? பொம்புள பொம்புளையோட கதைக்கிறதுதானே."

ஹிஷாமின் புது மனைவி. முர்ஷித் போனை நீட்டினான். றுஸ்தா அதைக் கையில் வாங்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே, மேசையில் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். குரலை வைத்துப் பார்த்தால் இருபது வயதுகூட இருக்காது போலிருந்தது.

"வ அலைக்குமுஸ் ஸலாம்," என்றாள்.

"றாத்தா, கோவிச்சிக்காதீங்க. எங்கட தொட்டில மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்கிது, எனக்குப் பயமா இரிக்கி. சில்லரத் தொட்டியோட பூட்டியாச்சி. இவரு இப்பவே சுவிச்சப் போடணும் எண்டு நிக்காரு. பக்கத்து வீட்டு நானா ஒராள் ஒரு ராவைக்கி நிமித்தி வெச்சிட்டுத்தான் போடணும் எண்டு செல்றாரு. ஆர்ர பேச்சக் கேக்கிற? நீங்கதான் பாத்துக்கிட்ட எண்டு எனக்குத் தெரியும்." பின்னால் ஹிஷாமின் குரல் கேட்டது: "கேளு, கெதியாக் கேளு."

இந்தப் பிள்ளை அவளுக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லை. அங்கே வாயைத் திறக்கும் மீன்களும் செய்யவில்லை. இப்போது வாயைக் கட்டவும் எந்தச் சட்டமும் இல்லை. முர்ஷித் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். றுஸ்தா தொட்டியைப் பார்த்தாள். இரண்டு மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை ஒட்டிக்கொண்டு நின்றன.

"அப்பிடி ஒண்டுமில்ல, தங்கச்சி," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இப்பவே போடுங்க."

"ஜஸாக்கில்லாஹ், றாத்தா. அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும்."

போன் இணைப்பு வெட்டப்படாமலே மேசையில் கிடந்தது. அந்தப் பக்கம் சுவிட்சு தட்டும் சத்தம் கேட்டது. சில்லர் ஒருமுறை முக்கி, பிறகு உறுமத் தொடங்கியது. "ஓடுது, ஓடுது" என்று பஹ்மிதா சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினாள். றுஸ்தா சூடேறிய தண்ணீருக்குள் கையை விட்டாள். கோமாளி மீன்களில் ஒன்று வந்து அவளுடைய விரல் நுனியைக் கவ்விப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டது. போனுக்குள் உறுமல் மெல்ல மெல்லக் கரகரக்க ஆரம்பித்தது.