நறநற

"பல்லைக் கடிப்பீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டபோது அவள் நாற்காலியில் மல்லாந்து கிடந்தாள். வாய்க்குள் விட்டிருந்த சின்னக் கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டு டாக்டர் பதிலுக்காகக் காத்திருந்தார். தனக்கு ஒரு மகள் இருந்தால் இந்த வயதுதான் இருக்கும். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களில் கரிசனம் இருந்தது. இத்தனை காலத்தில் ஒருவரும் அவளிடம் இப்படி நேரடியாகக் கேட்டதில்லை.

"ஆமா டாக்டர். வேற என்ன பண்றது? குடும்பம்னா அப்படித்தானே."

டாக்டரின் கண்கள் ஒரு கணம் விழித்தன. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ, நான் அதைக் கேக்கலைம்மா. தூங்கும்போது. தூக்கத்துல நறநறன்னு கடிப்பீங்களான்னு கேட்டேன்."

அவளும் சிரித்தாள். சிரித்ததில் கடைவாய்ப்பல் சுரீரென்றது. கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துண்டை இழுத்துச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டினார். சொத்தை இல்லை. பல்லின் நடுவே மயிரிழை போல ஒரு விரிசல். அது நரம்பு வரை போய்விட்டது, வேருக்கு இன்னும் இறங்கவில்லை. மற்ற பற்களும் மேடு தேய்ந்து தட்டையாகியிருந்தன. தூக்கத்தில் கடித்துக் கடித்து வந்த வினை. இரண்டு வழி இருக்கிறது என்றார். பிடுங்கிவிட்டால் ஒரே நாளில் முடிந்தது, ஆனால் பக்கத்துப் பற்கள் மெல்ல அந்தக் காலியிடத்தை நோக்கிச் சாயும். வேர் சிகிச்சை என்றால் உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு, அடைத்து, மேலே கேப் போட வேண்டும்.

"அந்தப் பல்லுக்கு அப்புறம் எதுவும் தெரியாதும்மா. சூடு, குளிர், வலி எதுவும் இருக்காது. ஆனா வேலை செய்யும்."

அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். கேப் போட்டாலும் ராத்திரி இதே மாதிரி கடிச்சா அதுவும் உடையும், கூட வேரும் போயிடும். தூங்கும்போது போட்டுக்க ஒரு உறை தருவேன். போட்ட பிறகும் சத்தம் வருதா, தூக்கத்துல கழட்டிடறீங்களான்னு பக்கத்துல படுக்கிறவங்க கவனிச்சுச் சொல்லணும். உங்களுக்கே தெரியாது. வீட்டுல யாரும் சொன்னதில்லையா?"

"கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

பக்கத்தில் படுக்க யாரும் இல்லை என்பதை அவளால் சொல்ல முடியவில்லை. கணவர் இருக்கிறார். அதே வீட்டில், கூடத்தில், சோபாவை ஒட்டிப் பாய் விரித்துப் படுக்கிறார். மகன் வீட்டை விட்டுப் போன சில நாட்களில் ஒரு சாயங்காலம், "உள்ள காத்தே வரலை" என்று தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மழைக்காலம் வந்தது, குளிர் வந்தது, தலையணை திரும்பி வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

மகன் இருந்தவரை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே அவன் வழியாகத்தான். பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள், அவர் மகனிடம், "உங்கம்மாவக் கேளு, கேஸ் புக் பண்ணியாச்சான்னு" என்பார். அவள், "உங்கப்பாகிட்ட சொல்லு, பண்ணியாச்சுன்னு" என்பாள். "நான் என்ன தபால்காரனா?" என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் மூன்று பேரும் வாழ்ந்தார்கள். பிறகு அவன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றபோது, "சும்மா உக்காந்து சாப்பிட இந்த வீட்ல இடமில்லை" என்றார் அவர். அதை மட்டும் நேராக அவனிடமே சொன்னார். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். அவள் ஈரக்கையோடு அடுக்களை வாசலில் நின்றாள். வாய் திறக்கவில்லை. இப்போதும் அவன் எப்போதாவது அவளுடைய வேலைநேரத்தில் கூப்பிடுவான். சாப்பிட்டியா, நல்லாயிருக்கியா என்பான். அவரைப் பற்றி அவனும் கேட்பதில்லை, இவளும் சொல்வதில்லை.

அவளுக்குச் சீருடைகள் தைக்கும் கூடத்தில் வேலை. நீண்ட மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, மின்கத்தியால் வெட்டித் தருவாள். கத்தி ஓடத் தொடங்கிவிட்டால் திரும்ப வழியில்லை, அத்தனை அடுக்கும் ஒரே வெட்டில் போய்விடும். அதனால் வெட்டுவதற்கு முன்பு துணியை உள்ளங்கையால் நீவியபடி வெகுநேரம் நிற்பது அவள் வழக்கம். அன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொத்தான் தைப்பவளை எல்லோரும் பட்டன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு வாய் நீளம். "பிடுங்கிப் போட்டுத் தொலை. எனக்கு நாலு போச்சு, ஒண்ணும் குடிமுழுகலை. நரம்பை எடுத்துட்டு வெறும் கூட்டை வாய்ல வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற? கொலு வைக்கவா?"

"டாக்டர் காப்பாத்தலாம்னு சொல்றாங்கக்கா."

"டாக்டருக்கு என்ன, சொல்லுவாங்க. அண்ணன் என்ன சொல்றாரு?"

அவள் துணியை நீவினாள். பிடுங்குவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. தனியாகப் போகலாம், பஞ்சைக் கடித்துக்கொண்டு தனியாகத் திரும்பலாம். வலி நின்றுவிடும். அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. காப்பாற்ற வேண்டுமென்றால் அவரைக் கேட்டாக வேண்டும், உள்ளே வந்து படுங்கள் என்று. அந்த ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். நாக்கு மேலே எழவில்லை. பிடுங்கிவிடலாம் என்றே தோன்றியது.

அன்று சாயங்காலம் அவர் சீக்கிரமே வந்திருந்தார். தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. நாள் முழுக்க இரைச்சலில் இருப்பதாலோ என்னவோ வீட்டில் தேவைக்கு மேல் ஒரு சொல் வராது. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் வலப்பக்கமாகவே மென்றாள். அவர் பார்த்தார், கேட்கவில்லை. தட்டில் விரல் படும் ஓசையும் கடிகாரத்தின் ஓசையும் மட்டும் இருந்தன. கேட்காமலே எழுந்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் இடது கன்னத்தில் வலி ஒருமுறை அடியிலிருந்து கிளம்பி காது வரை ஏறியது. அது இறங்குவதற்குள் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஏங்க, நான் தூக்கத்துல பல்லைக் கடிப்பேனா?"

அவர் கை தட்டிலேயே நின்றது. நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு நேரடியாக அவர் அவளைப் பார்த்து எத்தனையோ காலமாகிறது.

"தூக்கத்துலயா?" என்றார்.

"டாக்டர் கேட்டாங்க. பல்லு விரிசல் விட்டுப்போச்சு, ராத்திரி கடிக்கிறதாலதான்னு சொல்றாங்க."

"தூக்கத்துலயா?" என்று மறுபடியும் அதையே கேட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. "நீ முழிச்சிருக்கன்னுல்ல நெனச்சேன்."

"முழிச்சுக்கிட்டு யாராவது பல்லைக் கடிப்பாங்களா?"

"கோவத்துல கடிப்பாங்க." அவர் தண்ணீர்த் தம்ளரைத் தொட்டார், எடுக்கவில்லை. "அவன் போனதுல இருந்து. லைட்டை அணைச்சதும் நறநறன்னு. பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டே இருப்பேன். என்மேல கோவம், வாயால சொல்ல மாட்டேங்கிற, இப்படிக் காட்டுறன்னு..."

"அதான் வெளிய போனீங்களா? காத்து வரலைன்னீங்க."

அவர் தட்டில் மிச்சமிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சொல்லிடுவியோன்னு பயம்."

வெளியே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். பிறகு அவர், யாரிடமோ புகார் சொல்வதுபோல, "ரெண்டு ரூம் தள்ளி நின்னுக்கிட்டே எந்த மோட்டார்ல பேரிங் தேயுதுன்னு சொல்லிடுவேன் நான்" என்றார்.

"நான் மோட்டார் இல்லையே."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா என்று பார்ப்பதற்குள் அது போய்விட்டது. அவள்மேல் வைத்த கண்ணை அவர் எடுக்கவில்லை. எதற்குக் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கோவமெல்லாம் ஒன்றுமில்லை என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லிவிடலாம், சின்ன வாக்கியம்தான். ஆனால் அந்த விரிசலைத் திரையில் பார்த்திருந்தாள். காற்று வரவில்லை என்று அவர் தலையணையை எடுத்தபோது, மகன் படியிறங்கியபோது, தினமும் இந்த மேசையில் தட்டுகள் மட்டும் பேசியபோது, அவள் அறியாமல் அவளுடைய தாடை என்ன சொல்லிக்கொண்டிருந்தது? அவர் தப்பாகத்தான் கேட்டாரா? அவளுக்கே கேட்காத ஒன்றை அவர் மட்டும் கேட்டிருந்தால்?

"எனக்குத் தெரியலைங்க," என்றாள். "கோவமா இல்லையான்னு எனக்கே தெரியலை."

அவர் தலையசைத்தார். அந்தப் பதில் அவருக்கு வலித்தது என்று தெரிந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

"டாக்டர் என்ன பண்ணணுங்கிறாங்க?"

சொன்னாள். பிடுங்குவது, வேர் சிகிச்சை, சாயும் பற்கள், நரம்பு, உறை எல்லாம் சொன்னாள். கடைசியில், தட்டைப் பார்த்தபடி, "பக்கத்துல படுத்து யாராவது கேட்டுச் சொல்லணுமாம்" என்றாள்.

அவர் எழுந்து கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். குழாயை மூடிவிட்டு, முதுகைக் காட்டியபடியே, "பிடுங்க வேணாம்" என்றார்.

சிகிச்சைக்கு அவரும் வந்தார். லீவு போட்டேன் என்று சொல்லவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றார். ஊசி போட்டதும் இடது உதடும் பாதி நாக்கும் அவளுடையதாக இல்லாமல் போயின. மெல்லிய கம்பிகளை உள்ளே விட்டு டாக்டர் சுரண்டுவது எங்கோ தூரத்தில் நடப்பதுபோல் கேட்டது. முதல் கட்டம் முடிந்தது என்றார் டாக்டர். மரப்பு விட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதுவரை வாயைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதைக் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் பொறுப்பாகத் தலையாட்டினார்.

வெளியே வெயில் இருந்தது. பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே, சிமெண்ட் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பேருந்து வரவில்லை. அவள் மனத்தில் ஒரு சொல் காலையிலிருந்தே உருண்டுகொண்டிருந்தது. வாய் மரத்துப்போயிருக்கும்போது சொல்வது சுலபமாக இருக்கும் என்று ஏனோ தோன்றியது.

"அவனுக்கு நீங்க ஒரு ஃபோன் பண்ணுங்க," என்றாள். உதடு ஒத்துழைக்கவில்லை. சொற்கள் கோணலாக, குழந்தையின் மழலை போல வந்தன.

"என்ன?"

மறுபடி சொன்னாள். இன்னும் மோசமாக வந்தது.

அவர் குனிந்து, காதை அவள் வாயருகே கொண்டுவந்தார். நரைத்த முடியும், காதோரத்தில் ஒட்டியிருந்த சோப்பு நுரையின் காய்ந்த வெள்ளையும் தெரியும் அளவுக்கு. அவள் மூன்றாம் முறை, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவர் அப்படியே குனிந்திருந்தார். புரிந்ததா இல்லையா என்று அந்தக் காதை வைத்துச் சொல்ல முடியவில்லை.

நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி உதட்டின் இடது ஓரத்தைத் துடைத்தார். எச்சில் வழிந்திருக்க வேண்டும், அவளுக்குத் தெரியவில்லை. அவருடைய கட்டை விரல் தன் கன்னத்தில் ஒருமுறை, இன்னொரு முறை நகர்வதை அவள் கண்ணால் பார்த்தாள். அதன் சூடும் சொரசொரப்பும் எட்டவில்லை. விரல் எடுபட்ட பிறகும் அந்தப் பக்கத்தையே அவர் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, மரப்பு விடுவதற்காக அவள் காத்திருந்தாள்.